புதுத் தொட்டி, நோயாளி மீன்கள்: ஏபிஐ மாஸ்டர் டெஸ்ட் கிட்டோடு ஓட்டிய நாட்கள்

மீன் தொட்டித் தண்ணீரில் சொட்டு மருந்து விட்டு, நிறம் பார்த்து அமோனியா போன்றவற்றை அளக்கும் ஏபிஐ ஃப்ரெஷ்வாட்டர் மாஸ்டர் டெஸ்ட் கிட் வாங்கலாமா என்று யோசிக்கிறவர்களில் இரண்டு வகை உண்டு. தொட்டி வைத்து இரண்டு மூன்று வருடமாகி, மீனெல்லாம் நன்றாக இருக்கிறது என்றால் அவசரமே இல்லை, மெதுவாக வாங்கிக்கொள்ளலாம். ஆனால் தொட்டியும் புதிது, உள்ளே இருக்கும் மீனுக்கு உடம்பும் சரியில்லை என்றால், மருந்துக் கடை வரிசையில் நிற்பதற்கு முன்னால் இதை வாங்குங்கள். நான் அந்த இரண்டாவது வகை. அதனால் இந்த விமர்சனமும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும்.

நான் வில்லிவாக்கத்தில் ஒரு மருத்துவ லேபில் டெக்னீஷியன். புது வீட்டுக்குப் பால் காய்ச்சிய அன்று தம்பி ஒரு இரண்டடித் தொட்டியைக் கொண்டுவந்து வைத்தான். கூழாங்கல், மேலே மாட்டும் ஃபில்டர், குட்டி விளக்கு, அப்புறம் நான்கு ஒராண்டா தங்கமீன்கள், எல்லாம் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியது. தண்ணீர் ஊற்றிய ஒரு மணி நேரத்தில் மீனையும் விட்டாயிற்று. மூன்றாம் நாள் காலையில் நான்கும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. முதுகுத் துடுப்பு மடங்கிப் படுத்திருந்தது. சிவப்புத் தலை உள்ள மீனின் வாலிலும் செவுள் மூடியிலும் ரவை ஒட்டியதுபோல வெள்ளைப் புள்ளிகள். மற்றொன்று கூழாங்கல்லில் உடம்பைத் தேய்த்துத் தேய்த்து ஓடியது. கடைக்காரருக்குத் தம்பி போன் போட்டான். "நாலு சொட்டு நீல மருந்து விடுங்க, சரியாயிடும்" என்று பதில் வந்தது.

வெள்ளைப் புள்ளி நோய் என்பது கண்ணுக்குத் தெரிகிறது. தண்ணீரில் என்ன இருக்கிறது என்பது யாருக்கும் தெரியவில்லை. ரத்தம் எடுக்காமல் மாத்திரை எழுதுகிற டாக்டரிடம் நான் என் பிள்ளையைக் கூட்டிப்போக மாட்டேன். அன்று சாயங்காலமே கொளத்தூர் போய்விட்டேன். சென்னையில் வண்ணமீனுக்கு அந்த ஏரியாவை விட்டால் வேறு பேச்சில்லை. தெருவுக்குத் தெரு கடை. ஐந்தாறு கடையில் கேட்ட பிறகுதான் ஒன்றில் இந்தக் கிட் இருந்தது. விலை மூவாயிரத்துச் சொச்சம். நான்கு மீனின் விலையைவிட அதிகம். கூட வந்த தம்பிக்குக் கோபம். எனக்கு அந்தக் கணக்கே தோன்றவில்லை. வீட்டுக்குள் வந்துவிட்ட உயிர் மூச்சுக்குத் தவிக்கும்போது அதன் விலையோடு எதை ஒப்பிடுவது?

புதுத் தொட்டியின் கதையைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். மீன் தன் கழிவை அமோனியாவாக, பெரும்பகுதி செவுள் வழியாகவே, தண்ணீரில் விடுகிறது. பழைய தொட்டியில் ஃபில்டர் ஸ்பான்ஜிலும் கல்லிலும் குடியிருக்கும் பாக்டீரியா அந்த அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை பாக்டீரியா நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். அமோனியாவும் நைட்ரைட்டும் விஷம். நைட்ரேட் அவ்வளவு மோசமில்லை, வாராவாரம் தண்ணீர் மாற்றினால் கட்டுக்குள் இருக்கும். இந்தப் பாக்டீரியா கூட்டம் உருவாகி நிலைக்கிற காலத்தைத்தான் டேங்க் சைக்கிள் ஆகிறது என்கிறோம். சாதாரணமாக நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். மீனே இல்லாமல் இதை முடித்துவிட்டு அப்புறம் மீன் விடுவதுதான் முறை. எங்கள் வீட்டில் மீன் முதலில் வந்துவிட்டது, அதுவும் நோயோடு. தங்கமீன் வேறு மற்ற சின்ன மீன்களைவிட அதிகமாகக் கழிவு விடும் இனம்.

சரி, கிட்டுக்கு வருகிறேன். பெட்டிக்குள் ஏழு சொட்டு பாட்டில்கள், மூடியுள்ள நான்கு கண்ணாடிக் குழாய்கள், ஒரு வண்ண அட்டை. பிஎச் (தண்ணீரின் அமில, கார அளவு), உயர் பிஎச், அமோனியா, நைட்ரைட், நைட்ரேட் என்று ஐந்து சோதனை. அமோனியாவுக்கு 5 மில்லி தொட்டித் தண்ணீரில் முதல் பாட்டிலிலிருந்து 8 சொட்டு, இரண்டாவதிலிருந்து 8 சொட்டு. மூடி போட்டு ஐந்து நொடி குலுக்கி, ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். மஞ்சளாகவே இருந்தால் பூஜ்யம். பச்சை ஏற ஏற அமோனியா ஏறுகிறது. நைட்ரைட்டுக்கு 5 சொட்டுதான், வானநீலத்திலிருந்து ஊதாவுக்குப் போகும்.

நிறம் பார்த்து அளவு சொல்வது எங்கள் தொழிலில் பழைய பழக்கம். சிறுநீரில் சர்க்கரையை பெனடிக்ட் கரைசலில் காய்ச்சி, நீலம், பச்சை, மஞ்சள், செங்கல் சிவப்பு என்று கண்ணால் பார்த்து எழுதியே நாங்கள் படித்தோம். அந்தக் கண்ணோடு பார்த்தால் இந்தக் கிட்டின் நிறங்கள் நேர்மையானவை. ஒரே தண்ணீரை இரண்டு குழாயில் போட்டுப் பார்த்தேன், இரண்டும் ஒரே நிறம் காட்டின. ஆனால் அமோனியா அட்டையில் 0-க்கும் 0.25-க்கும் நடுவில் எல்லோரும் குழம்புவார்கள். எல்இடி ட்யூப்லைட் வெளிச்சத்தில் சுத்தமான தண்ணீர்கூட லேசாகப் பச்சையடிக்கும். இதற்கு லேபில் செய்வதையே செய்யுங்கள். கடையில் விற்கும் கேன் தண்ணீரை ஒரு குழாயில் எடுத்து அதற்கும் அதே சொட்டுகளை விட்டு, தொட்டிக் குழாயின் பக்கத்தில் வைத்து, வெள்ளைத் தாள் பின்னால் இருக்க, ஜன்னல் ஓரம் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். இரண்டும் ஒன்றுபோல இருந்தால் அமோனியா இல்லை. அட்டையோடு மல்லுக்கட்ட வேண்டியதே இல்லை. பாட்டிலைச் சாய்க்காமல் நேர் செங்குத்தாகக் கவிழ்த்துப் பிடித்தால்தான் சொட்டு ஒரே அளவாக விழும், அதையும் பழக்கிக்கொள்ளுங்கள். குழாயை விரலால் மூடிக் குலுக்காதீர்கள். இந்தத் திரவங்களில் சில தோலை அரிக்கும். சோதனை முடிந்த தண்ணீரைச் சிங்கில் ஊற்றி நிறையத் தண்ணீர் விட்டுவிடுங்கள்.

முதல் நாள் கணக்கு இது: அமோனியா 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்), நைட்ரைட் பூஜ்யம், பிஎச் 8. எங்கள் போர் தண்ணீர் கடினமானது, சென்னையில் பல வீட்டிலும் இப்படித்தான். இங்கேதான் பிஎச் சோதனையின் அருமை தெரிந்தது. கிட் காட்டும் அமோனியா என்பது மொத்த அளவு. அதில் ஒரு பங்கு விஷமான அமோனியா, மீதி அவ்வளவு தீங்கில்லாத அமோனியம். பிஎச் 7-ல், 25 டிகிரியில் விஷப் பங்கு சுமார் அரை சதவீதம். பிஎச் 8 ஆனால் ஐந்து சதவீதத்தைத் தாண்டிவிடும். தண்ணீர் சூடாக இருந்தால் இன்னும் கூடும். வெயில் மாதங்களில் சென்னையில் ஹால் ஓரத்தில் இருக்கும் தொட்டி 30 டிகிரிக்குக் குறைவதே அபூர்வம். ஆகவே கொடைக்கானலிலோ ஊட்டியிலோ யாரோ "2 பிபிஎம்மில் என் மீன் நன்றாக இருந்தது" என்று சொன்னால் அதை நம்பி உட்கார முடியாது. மீன்கள் மேலே வந்து மூச்சு வாங்கியதற்குப் புள்ளி நோய் ஒரு காரணம். செவுளை அமோனியா எரித்துக்கொண்டிருந்தது இன்னொரு காரணம். நீல மருந்து அந்த இரண்டாவதைத் தொட்டிருக்காது.

எண் கையில் வந்த பிறகு வேலை எளிது. தொட்டியில் கிட்டத்தட்ட 50 லிட்டர். பாதி மாற்றினால் 2 என்பது 1 ஆகும். இன்னொரு பாதி மாற்றினால் 0.5. மாற்றப்போகும் தண்ணீரை டிரம்மில் பிடித்து ஒரு நாள் வைத்து, அதன் பிஎச்சையும் அமோனியாவையும் முதலில் பார்த்துக்கொண்டேன். இது முக்கியம். தொட்டியின் பிஎச் குறைவாகவும் புதுத் தண்ணீரின் பிஎச் அதிகமாகவும் இருந்தால், பெரிய அளவில் மாற்றும்போது அமோனியம் விஷ அமோனியாவாக மாறி மீன் அடிபடும். எங்களுக்கு இரண்டும் ஒன்றாக இருந்ததால் தைரியமாக மாற்றினேன். ராத்திரி பத்து மணிக்கு வாளியும் குழாயுமாக நின்றதைப் பார்த்து மாமியார் முதலில் திட்டினார். இரண்டாம் முறை மாற்றி முடித்த கொஞ்ச நேரத்தில் சிவப்புத் தலை கீழே இறங்கி, துடுப்பை விரித்து ஒரு சுற்று வந்தது. அதன் பிறகு டிரம் நிரப்பும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார்.

ஒரு மீன் மறுநாள் இறந்துவிட்டது. நான்கில் அதுதான் சின்னது, செவுள் முழுக்கப் புள்ளி. மீதி மூன்றும் இன்றைக்கும் இருக்கின்றன.

புள்ளி நோய்க்கு நான் கல் உப்பையே நம்பினேன். லிட்டருக்கு 2 கிராம், அதாவது 50 லிட்டருக்கு 100 கிராம். ஒரே தடவையாகக் கொட்டாமல் மக்கில் கரைத்து ஒரு நாள் முழுக்கப் பிரித்து ஊற்றினேன். தண்ணீர் மாற்றும்போது வெளியே போன அளவுக்கு மட்டும் உப்பு சேர்க்க வேண்டும். ஆவியாகிக் குறைந்த தண்ணீருக்குச் சேர்க்கக் கூடாது, உப்பு ஆவியாவதில்லை. இந்த வெள்ளைப் புள்ளிக்குக் காரணம் ஒரு ஒட்டுண்ணி. அது மீனின் தோலுக்குள் இருக்கும்வரை எந்த மருந்தும் அதை எட்டாது. தோலை விட்டு இறங்கி, கீழே பெருகி, மறுபடி நீந்தி மீனைத் தேடும் கட்டத்தில்தான் அடிபடும். அதனால் புள்ளி மறைந்ததும் நிறுத்தாமல், கடைசிப் புள்ளி போன பிறகும் ஒரு பத்து நாள் தொடர வேண்டும். சென்னைச் சூட்டில் இந்தச் சுற்று வேகமாக முடிகிறது, அது ஒரு சாதகம். சூடான தண்ணீரில் பிராணவாயு குறைவாகக் கரையும் என்பதால் ஏர் பம்ப் மட்டும் நிற்கவே கூடாது. செடி வைத்திருப்பவர்களுக்கு உப்பு ஒத்துவராது, அவர்கள் வேறு தொட்டியில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

நீல மருந்து, அதாவது மெத்திலீன் ப்ளூ, பற்றி ஒன்று. முட்டைக்குப் பூஞ்சை பிடிக்காமலிருக்க, தனி டப்பில் வைத்து வைத்தியம் பார்க்க என்று அதற்கு நல்ல உபயோகம் உண்டு. புதுத் தொட்டிக்குள் விட்டால் இரண்டு கெடுதல். கஷ்டப்பட்டு உருவாகிற பாக்டீரியாவை அது தாக்கும். இன்னொன்று, தண்ணீரே நீலமானால் நிறம் பார்த்துச் சொல்லும் சோதனை எதையும் நம்ப முடியாது. எது நடக்கிறது என்று தெரிய வேண்டிய நேரத்தில் கண்ணைக் கட்டிக்கொள்வதாகிவிடும்.

சைக்கிளை வேகப்படுத்தியது பணம் கொடுத்து வாங்கிய எதுவும் இல்லை. எங்கள் பில்டிங்கில் மூன்றாவது மாடியில் ரயில்வேயில் ரிட்டயரான சார் ஒருவர் பல வருடமாகத் தொட்டி வைத்திருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும், "ஏம்மா, முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா" என்று தன் ஃபில்டரிலிருந்து பழுப்பேறிய ஸ்பான்ஜில் பாதியை வெட்டி, தொட்டித் தண்ணீரோடு கவரில் போட்டுக் கொடுத்தார். அதைக் காயவிடாமல், குழாய்த் தண்ணீரில் கழுவாமல் நேரே எங்கள் ஃபில்டருக்குள் வைத்தேன். குளோரின் பட்டால் அந்தப் பாக்டீரியா செத்துவிடும். பழைய ஸ்பான்ஜ் கிடைத்தால் அதைவிடச் சிறந்தது எதுவும் கிடையாது, ஒரே நிபந்தனை, கொடுப்பவர் தொட்டியில் நோய் இருக்கக் கூடாது.

இதற்கப்புறம் தினமும் காலையில் அமோனியா, நைட்ரைட் இரண்டும் பார்த்து நோட்டில் எழுதினேன். மீனுக்குச் சாப்பாட்டை ஒரு நாள் விட்டு ஒரு நாள், நான்கைந்து உருண்டை என்று குறைத்தேன். அமோனியா 0.5-ஐத் தொட்டால் பாதித் தண்ணீர் மாற்றம், அவ்வளவுதான் விதி. இரண்டாவது வாரத்தில் அமோனியா இறங்க ஆரம்பித்தது, கூடவே நைட்ரைட் குழாய் ஊதாவானது. இந்தக் கட்டத்தில்தான் பலர் வீட்டில் மீன் சாகிறது, ஏனென்றால் தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்திருக்கும், புள்ளியும் மறைந்திருக்கும், எல்லாம் சரியாகிவிட்டது என்று தோன்றும். நைட்ரைட் ரத்தத்துக்குள் போய் ஹீமோகுளோபினைப் பிராணவாயு சுமக்க முடியாதபடி மாற்றிவிடும். ரத்தமே பழுப்பாகும். தண்ணீரில் எவ்வளவு காற்று இருந்தாலும் மீன் திணறும். நோய்க்காகப் போட்ட உப்பு இங்கேயும் கைகொடுத்தது. உப்பிலுள்ள குளோரைடு செவுள் வாசலில் நைட்ரைட்டோடு போட்டிபோட்டு அதை உள்ளே விடாமல் தடுக்கிறது. நைட்ரைட் 1 வரை போன நாட்களிலும் மூன்று மீனும் சாதாரணமாக நீந்தின. நீச்சல் நன்றாக இருக்கிறதென்று தண்ணீர் மாற்றுவதை மட்டும் நான் விடவில்லை.

நைட்ரேட் சோதனைதான் இந்தக் கிட்டில் கழுத்தறுப்பது. முதல் பாட்டில் 10 சொட்டு, அப்புறம் இரண்டாம் பாட்டிலை முப்பது நொடி பலமாகக் குலுக்கி 10 சொட்டு, பிறகு குழாயை ஒரு நிமிடம் முழுக்கக் குலுக்க வேண்டும். காரணம் இருக்கிறது. இரண்டாம் பாட்டிலில் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றும் பொருள் அடியில் தங்கிவிடும். குலுக்காவிட்டால் நைட்ரேட்டே இல்லாததுபோல மஞ்சளாகக் காட்டும். புது பாட்டிலை மேஜையில் நாலு தட்டு தட்டிவிட்டுக் குலுக்குங்கள். இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். தண்ணீரில் நைட்ரைட் நிறைய இருக்கும் நாட்களில் அதுவும் சேர்ந்து நைட்ரேட் குழாயைச் சிவக்க வைக்கும். ஆகவே நைட்ரைட் பூஜ்யமாகும் வரை நைட்ரேட் எண்ணைப் பார்த்து சைக்கிள் முடிந்தது என்று சொல்லக் கூடாது. அமோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம், வழக்கம்போல மீனுக்குச் சாப்பாடு போட்டும் ஒரு வாரம் இதே நிலை என்றால்தான் முடிந்தது. எங்கள் போர் தண்ணீரிலேயே நைட்ரேட் 20 காட்டியது என்பதையும் இந்தக் கிட்தான் சொன்னது. அதைப் பார்த்ததிலிருந்து குடிக்கும் தண்ணீரைப் பற்றியும் வீட்டில் பேச்சு ஓடுகிறது.

குறைகள் என்று பார்த்தால், பிஎச்சை விழாமல் தாங்கும் கார்பனேட் கடினத்தன்மையை (சுருக்கமாக கேஎச்) அளக்கும் பாட்டில் இதில் இல்லை. கடினமான போர் தண்ணீர் ஊற்றுகிறவர்களுக்கு அது பெரிய இழப்பில்லை. ஆனால் "சுத்தமான தண்ணீர்" என்று வீட்டு ஆர்ஓ மெஷின் தண்ணீரைத் தொட்டிக்கு ஊற்றுகிறவர்கள் நம்மூரில் ஏராளம். பாக்டீரியா வேலை செய்யச் செய்ய அந்தக் கடினத்தன்மை கரைந்துகொண்டே போகும். ஆர்ஓவில் அது கிட்டத்தட்ட இல்லவே இல்லை என்பதால் பிஎச் விழுந்து சைக்கிளே நின்றுவிடும். அவர்கள் கேஎச் பாட்டிலைத் தனியாக வாங்க வேண்டியிருக்கும். அடுத்து, பாட்டில்கள் ஒரே அளவு, ஒரே வடிவம், பொடி எழுத்து ஆங்கிலம். பிள்ளைகள் எளிதில் திறக்க முடியாத மூடி என்பது நல்லதுதான், ஆனாலும் என் மாமியாருக்காக மூடிகளில் கலர் டேப் ஒட்டி, அ1, அ2, நை என்று எழுத வேண்டியிருந்தது. இப்போது நான் வேலைக்குப் போகும் நாட்களில் அவரே சோதனை செய்து நோட்டில் எழுதிவைக்கிறார். நிறம் படிப்பதில் அவருக்கு என்னைவிடப் பொறுமை அதிகம்.

பழைய ஸ்டாக் பிரச்சினையும் உண்டு. பாட்டிலில் அச்சடித்திருக்கும் லாட் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த மாதமும் வருடமும். பணம் கொடுக்கும் முன் பெட்டியைத் திறக்கச் சொல்லி அதைப் பாருங்கள். மூன்று வருடத்துக்கு மேல் பழையது என்றால் நான் வாங்க மாட்டேன். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போகலாம். ரீஏஜன்ட், அதாவது சோதனைத் திரவம், கெட்டுப்போனால் அது காட்டும் பூஜ்யம் மீனைக் கொன்றுவிடும்.

தண்ணீரில் நனைத்து நிறம் பார்க்கும், விலை குறைவான ஸ்ட்ரிப் வாங்கலாமா என்று கேட்பார்கள். பல ஸ்ட்ரிப்களில் அமோனியா கட்டமே கிடையாது. புதுத் தொட்டிக்கு வேண்டியதே அதுதான், அப்புறம் எதற்கு? ஆன்ட்டி குளோரின் சொட்டு எல்லா மீன் கடையிலும் கிடைக்கிறது, லாரித் தண்ணீரோ மெட்ரோ வாட்டரோ நேரடியாக ஊற்றுவதாக இருந்தால் அவசியம். ஆனால் சாதாரண ஆன்ட்டி குளோரின் அமோனியாவை ஒன்றும் செய்யாது, அதை ஊற்றியாயிற்று என்று தண்ணீர் மாற்றாமல் இருக்காதீர்கள்.

மூவாயிரம் ஒரே நேரத்தில் கொடுக்க முடியாதவர்கள் மாஸ்டர் கிட்டுக்குப் பதில் அமோனியா, நைட்ரைட் சோதனைகளை மட்டும் தனித்தனியாக வாங்கலாம், ஏபிஐ அப்படியும் விற்கிறது. பிஎச்சை ஒரு முறை யாரிடமாவது பார்த்துக்கொண்டால் போதும், போர் தண்ணீரில் அது அடிக்கடி மாறாது. இன்னொரு வழியும் உண்டு. பெட்டியிலேயே 800 சோதனைக்கு மேல் வரும் என்று போட்டிருக்கிறது, ஒரு வீட்டில் அவ்வளவு தீராது. எங்கள் பில்டிங்கில் இப்போது இந்தக் கிட் மூன்று வீட்டுக்குப் பொது. மூன்றாவது மாடி சார் வீட்டுக்கும் இதுதான் போகிறது. யார் எடுத்தாலும் குழாயைக் கழுவிக் கவிழ்த்து வைத்துத் திருப்பித்தர வேண்டும், நைட்ரேட் இரண்டாம் பாட்டிலைக் குலுக்காமல் விட்டால் மாமியார் கேள்வி கேட்பார்.